குவளையின் அடியில் எழுதியிருப்பது என்ன?
பழைய கண்ணாடிக் குவளைகளை இனங்காணலும் காலங்கணித்தலும்

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய எமது மக்களின் வீடுகளில் முதன்முதலாகச் சேர்ந்த சமையலறைப் பொருட்கள் பெரும்பாலும் புதியவை அல்ல. தேவாலயத்து நிலக்கீழ் அறையில் கொடுத்த பெட்டி, பாவித்த பொருட்களை விற்கும் கடை, கோடை காலத்தில் வீட்டு வாசல்களில் நடக்கும் கராஜ் விற்பனை, முன்னர் குடியிருந்தவர் அலுமாரியில் விட்டுச் சென்றவை எனப் பல வழிகளில் அவை எம்மிடம் வந்து சேர்ந்தன. வட அமெரிக்காவில் குடியேறியவர்களின் வீடுகளிலே அவற்றுள் ஒன்றாகத் தடித்த கண்ணாடியாலான கைப்பிடிக் குவளையும் இருந்திருக்கும். பால்வெள்ளை நிறத்திலோ, இளம் பச்சை நிறத்திலோ, வெளிப்புறத்தில் ஏதேனும் ஒரு கேலிச்சித்திரத்துடனோ அது இருந்திருக்கும். அதில் நாம் தேநீர் குடித்தோம். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தோம். கைப்பிடி உடைந்த பின்னர் பேனைகளைப் போட்டு வைத்தோம். அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று நாம் கேட்டதில்லை.

இப்போது கேட்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்தக் குவளைகளில் ஒரு பகுதி இன்று வட அமெரிக்காவிலும் யப்பானிலும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பொருளாகிவிட்டது. அதன் காலத்தை அறியாதவர், மதிப்புள்ளதைக் குப்பையில் போடுகிறார். அல்லது மதிப்பற்றதை "மிகப் பழையது" என்ற சொல்லை நம்பிக் கூடிய விலைக்கு வாங்குகிறார். இரண்டாவது காரணம் முதலாவதிலும் பெரிது. வெளிப்புறத்தில் வர்ணப் படம் பதித்த பழைய குவளைகள் பலவற்றில், அந்த வர்ணத்தினுள் ஈயம் இருக்கிறது. அதில் பால் குடிப்பது குழந்தையாயின், குவளையின் வயது வெறும் பொழுதுபோக்கு விடயம் அன்று.

வயதை அறிவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நல்ல வெளிச்சமும், ஒரு பூதக்கண்ணாடியும், சிறிது பொறுமையும் போதும். ஆனால் ஒன்றை மாத்திரம் மனதிற் கொள்ள வேண்டும். எந்த ஒரு தனி அடையாளமும் குவளையின் வயதை நிரூபிப்பதில்லை. அடியிலுள்ள முத்திரை, குவளையின் வடிவம், அதன்மீதுள்ள படம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சொல்லும்போதுதான் அதனை நம்பலாம்.

எங்கே பிறந்தவை?

கனடாவிலும் அமெரிக்காவிலும் எமது கைகளிற் கிடைக்கும் தடித்த வெள்ளைக் குவளைகளில் மிகப் பெரும் பகுதி, எரி ஏரிக்குத் தெற்கேயுள்ள ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்தவை. அங்கே லங்காஸ்ரர் என்னும் நகரில் 1905ஆம் ஆண்டு ஐசாக் கொலின்ஸ் என்பவர் தம் கூட்டாளிகளுடன் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அருகே ஓடும் ஹொக்கிங் ஆற்றின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. கரி படிந்து கறுத்துக் கிடந்ததால் அந்தத் தொழிற்சாலையை ஊரவர் "கறுப்புப் பூனை" என்று அழைத்தனர். 1924இல் அது தீயில் எரிந்து போனது. மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட நிறுவனம் 1937ஆம் ஆண்டு, போத்தல் மூடிகள் செய்யும் "அங்கர்" என்ற நிறுவனத்துடன் இணைந்து "அங்கர் ஹொக்கிங்" ஆயிற்று. நங்கூரம் அதன் சின்னமாக வந்தது அவ்வாறே. இந்த அங்கருக்கும், ஊரில் நாம் அறிந்த அங்கர் பால்மாவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

1940களின் தொடக்கத்தில் இந்நிறுவனம், வெப்பத்தைத் தாங்கும் பாத்திரங்களை "ஃபயர் கிங்" என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1970களின் நடுப்பகுதி வரை அப்பெயர் நிலைத்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடும் குவளைகளில் முதலிடம் வகிப்பது இந்த ஃபயர் கிங் வகையே. அது விலையுயர்ந்த பொருளாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கடைகளிலும் தொழிலாளர் வீடுகளிலும் நாள்தோறும் பாவிக்கவென மலிவாகச் செய்து இலட்சக்கணக்கில் விற்ற சரக்கு அது. பாவனையில் உடைந்தவை போக எஞ்சியவையே இன்று சேகரிப்புப் பொருளாகின்றன.

செய்த விதம் சொல்லும் செய்தி

முத்திரையைப் படிக்குமுன் குவளை செய்யப்படும் விதத்தை அறிந்திருப்பது நல்லது. உருகிய கண்ணாடிக் குழம்பின் ஒரு துண்டு இரும்பு அச்சினுள் விழுகிறது. மேலிருந்து ஓர் அமுக்குத் தண்டு இறங்கி அதனை அழுத்த, குழம்பு அச்சின் இடுக்குகளில் பரவிக் குவளையாகவும் கைப்பிடியாகவும் ஒரே வேளையில் உருப்பெறுகிறது. தண்டு திரும்ப வெளியே வரவேண்டும் ஆகையால், உட்புறம் வழுவழுப்பாகவும், அடியிலிருந்து வாய்நோக்கிச் சற்று விரிந்தும் இருக்கும். அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். கைப்பிடியின் நடுவே விரலை ஓட்டினால் அந்தக் கோடு தட்டுப்படும். அவ்வாறு தட்டுப்பட்டால் அது இயந்திரத்தில் அழுத்திச் செய்தது. கோடே இல்லாமல், கைப்பிடி தனியாக ஒட்டப்பட்டதுபோல் உடலோடு சேருமிடத்தில் தடித்தோ மடிந்தோ இருந்தால், அது கைவினைஞர் செய்த வேறு வகை.

அடியிலுள்ள எழுத்துகளும் இந்த அச்சினால் வந்தவையே. அச்சிலே குடைந்த எழுத்து கண்ணாடியிற் புடைத்து நிற்கும். ஓர் அச்சு பல்லாயிரம் குவளைகளைப் பெற்ற பின் தேய்கிறது; எழுத்தும் மங்குகிறது. ஆகவே மங்கிய எழுத்து பழைமைக்குச் சான்று அன்று. தேய்ந்த அச்சில் இறுதியாகப் பிறந்த குவளை என்பதே அதன் பொருள். இன்னொன்றும் உண்டு. புதிய முத்திரை அறிமுகமான நாளிலேயே பழைய அச்சுகளை எவரும் தூக்கி எறிவதில்லை. அவை தேயும்வரை வேலை செய்யும். ஒரு முத்திரைக்கும் அடுத்ததற்கும் இடையில் சில ஆண்டுகள் இரண்டும் கலந்தே வரும். எனவே "இது 1959, இது 1960" என்று ஒரே ஆண்டைச் சுட்டி உறுதி கூறுபவரை நம்பவேண்டியதில்லை. பத்து ஆண்டுக் காலப்பகுதியைச் சரியாகச் சொன்னாலே அது நல்ல கணிப்பு.

ஃபயர் கிங் முத்திரைகளின் வரிசை

சேகரிப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள வரிசை வருமாறு.

1940களின் முற்பகுதியில் வந்தவற்றில் "ஃபயர் கிங்" என்ற பெயர் பெரிய எழுத்துகளில், அலங்காரமின்றி இருக்கும்.

அதன் பின்னர், பெயர் கையால் எழுதியதுபோன்ற சாய்ந்த எழுத்துக்கு மாறியது. "ஓவன்", "வெயார்" என்ற சொற்களும் முன்னும் பின்னும் சேர்ந்தன. இது 1940களின் எஞ்சிய பகுதியைக் குறிக்கும்.

1950களில் அதனுடன் "மேட் இன் யூ.எஸ்.ஏ." என்ற சொற்றொடர் சேர்ந்தது. இன்று கடைகளில் மிகுதியாகக் காணப்படும் முத்திரைகளுள் இதுவும் ஒன்று.

1960 அளவிலிருந்து "அங்கர் ஹொக்கிங்" என்ற நிறுவனப் பெயரும் முத்திரையில் ஏறியது. ஆகவே நிறுவனப் பெயரும் ஃபயர் கிங் பெயரும் ஒருங்கே இருந்தால், அக்குவளை 1960இற்கு முற்பட்டதாக இருப்பது அரிது.

1960களின் பிற்பகுதியிலிருந்து, சிறு கட்டத்தினுள் நங்கூரம் அமைந்த சின்னம் காணப்படுகிறது. ஃபயர் கிங் என்ற பெயரே இல்லாமல் நிறுவனப் பெயரும் நங்கூரமும் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் அப்பெயர் கைவிடப்பட்ட 1970களின் பிற்பகுதிக்கோ அதற்குப் பின்னைய காலத்துக்கோ உரியது.

முத்திரையே இல்லாதவையும் உண்டு. சிலவற்றுக்குக் கடதாசி ஒட்டி மாத்திரமே இருந்தது. முதற் கழுவலிலேயே அது போய்விடும். அத்தகையவற்றை வடிவத்தைக் கொண்டே இனங்காண வேண்டும்.

வடிவங்களில் இரண்டை அறிந்தால் போதும். ஆங்கில எழுத்து "டி"யைப் போல் மேலும் கீழும் உடலுடன் சேர்ந்த கைப்பிடி கொண்டது முதலாவது. 1950கள் முதல் 1970கள் வரை மிக நீண்ட காலம் வந்த வடிவம் ஆகையால், அது தனியே காலத்தைக் காட்டாது. இரண்டாவது, அடிப்பாகம் ஒடுங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கத் தக்க குவளை. இது பெரும்பாலும் 1960களின் பிற்பகுதியையும் 1970களையும் சேர்ந்தது. அடுக்குக் குவளை ஒன்றை "யுத்தகாலத்தது" என்று விற்பவர் சொன்னால், அங்கே வடிவமும் பேச்சும் ஒத்துப்போகவில்லை.

நிறத்தையும் நோக்குங்கள். செம்மஞ்சள், மஞ்சள், நீலம் போன்ற நிறக் குவளைகளின் உட்புறம் வெள்ளையாக இருந்தால், அது வெள்ளைக் கண்ணாடியின்மேல் நிறம் தெளித்துச் சூளையிற் சுட்டது. கண்ணாடி முழுவதும் ஒரே நிறமாக இருப்பது வேறு வகை. கீறல் விழுந்த இடத்தில் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்தால் இந்த வேறுபாடு உடனே விளங்கும்.

ஒன்றை ஒன்றென மயங்கும் எழுத்துகள்

விற்பவர்களும் வாங்குபவர்களும் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான். குவளையின் அடியில் "எச்" என்ற ஆங்கில எழுத்தும் அதன் கீழ் "ஏ" என்ற எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தியிருந்தால், பலர் அதனை அங்கர் ஹொக்கிங் என்று எண்ணுகின்றனர். அது தவறு. ஹேசல் அற்லஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் அடையாளம் அது. மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் வீலிங் நகரை மையமாகக் கொண்டிருந்த அந்நிறுவனம் 1956இல் கைமாறியது. 1964இல் அதன் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை மறுபடியும் கைமாறின. ஆகையால் அந்த எழுத்துள்ள குவளை பெரும்பாலும் 1960களின் நடுப்பகுதிக்கு முற்பட்டது.

கேடயத்தினுள் "எஃப்" என்ற எழுத்து இருந்தால், அது ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் இயங்கிய ஃபெடரல் கிளாஸ் நிறுவனம். 1970களின் இறுதியுடன் அது மூடப்பட்டது. "கிளாஸ்பேக்" என்ற பெயர் இருந்தால், அது பென்சில்வேனியாவில் மக்கீ நிறுவனம் தொடங்கிய வகை. 1961இல் அதனை ஜனெற் கிளாஸ் நிறுவனம் வாங்கியது. அதன் பின்னர் வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் "ஜே" என்ற எழுத்து சேர்ந்தது. அந்த ஒரு எழுத்து இருப்பதும் இல்லாததும் காலத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

எண் வயது அன்று

அடியில் 7, 17, 28 என்று ஏதேனும் ஓர் எண்ணைக் கண்டவுடன், அதனை ஆண்டுடன் தொடர்புபடுத்துவது பலருக்கும் வழக்கம். பெரும்பாலும் அது அச்சின் எண். குறைபாடுள்ள குவளைகள் வந்தால் எந்த அச்சு பழுதடைந்தது என்பதைத் தொழிற்சாலையில் கண்டுபிடிக்கவே அவ்வெண் இடப்பட்டது.

ஃபிரான்சில் வாழும் எமது வாசகர்களுக்கு இதை விளக்க அவர்களுடைய பிள்ளைகளே போதும். அங்கே பாடசாலை உணவுச்சாலைகளில், டியுராலெக்ஸ் கண்ணாடிக் கிளாசின் அடியைப் பார்த்து "எனக்கு வயது இத்தனை" என்று கூறி விளையாடுவது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். 1945இல் தோன்றிய அந்த வகையின் அடியிலுள்ள எண்ணும் அச்சின் எண்ணேயன்றி வேறில்லை. பிள்ளையின் வயதை அது எவ்வளவு சொல்லுமோ, கிளாசின் வயதையும் அவ்வளவே சொல்லும்.

பிரித்தானியாவில் நிலைமை சற்று வேறானது. அங்கே மதுச்சாலைகளிற் பாவித்த, அளவு குறித்த கைப்பிடிக் குவளைகளின் மேற்பகுதியில் ஒரு முடியும் அதன்கீழ் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அது உற்பத்தியாளரின் எண்ணும் அன்று, ஆண்டும் அன்று. அளவு சரியென்று பரிசோதித்து உறுதிசெய்த நிறை அளவைகள் அலுவலகத்தின் எண். ஆயினும் 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஐரோப்பிய அளவைக் கருவிகள் விதிமுறை நடைமுறைக்கு வந்தபோது, முடிக்குப் பதிலாக "சி ஈ" என்ற குறியும், "எம்" என்ற எழுத்துடன் ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களும் இடம்பிடித்தன. "எம் 07" என்று இருந்தால் அது 2007. இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மாத்திரம் எண் உண்மையிலேயே ஆண்டைக் கூறுகிறது. அத்தகைய குவளையைப் "பாட்டனார் காலத்துப் பொருள்" என்று எவரேனும் விற்க வந்தால், கண்ணாடியே அவரை மறுத்துரைக்கும்.

படத்தில் உள்ள ஆண்டு யாருடைய ஆண்டு?

கேலிச்சித்திரக் குவளைகளில் ஆண்டே தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதே, பிறகென்ன ஐயம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஐயம் அங்கேதான் பெரிது. அது பதிப்புரிமை ஆண்டு. அந்தப் பாத்திரம் வரையப்பட்டு உரிமை பெற்ற ஆண்டு அது. குவளை வார்த்த ஆண்டு அன்று.

ஃபயர் கிங் குவளைகளிலும் பின்னர் வந்த அங்கர் ஹொக்கிங் குவளைகளிலும் காணப்படும் ஸ்னூப்பி நாயின் படத்தின் கீழ் 1958, 1965 என்ற இரு ஆண்டுகள் இருப்பதுண்டு. இரண்டு ஆண்டுகளில் ஒரு குவளை பிறக்க முடியாது என்பதே நாம் எச்சரிக்கையாவதற்குப் போதுமானது. உண்மையில் அவை 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் விற்பனையானவை. இதனிலும் தெளிவான சான்று கார்ஃபீல்ட் பூனை. மக்டொனால்ட்ஸ் உணவகங்கள் கொடுத்த தெளிந்த கண்ணாடிக் குவளைகளில் அந்தப் பூனையின் படமும் 1978 என்ற ஆண்டும் உள்ளன. கார்ஃபீல்ட் பத்திரிகைகளில் தோன்றியது 1978 ஜூனில். குவளைகளோ 1987இல் வழங்கப்பட்டவை. இடையில் ஒன்பது ஆண்டுகள். இருந்தும் "1978ஆம் ஆண்டுக் குவளை" என்ற பெயரிலேயே அவை இன்றும் கைமாறுகின்றன.

பதிப்புரிமை ஆண்டைப் பயனற்றதென்று ஒதுக்கவும் வேண்டாம். குவளை அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்ற அளவில் அது உறுதியான எல்லை. அதற்கு எத்தனை ஆண்டுகள் பிந்தியது என்பதை முத்திரையும் வடிவமுமே சொல்லவேண்டும்.

பச்சைக் குவளையின் கவர்ச்சி

சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்புவது, ஜேட் என்னும் பச்சைக்கல்லின் நிறத்தையொத்த மங்கிய பச்சைக் குவளை. மக்கீ, ஜனெற் ஆகிய நிறுவனங்கள் 1930களிலேயே இந்நிறத்திற் பாத்திரங்கள் செய்தன. ஃபயர் கிங் பெயரில் அது 1945 முதல் 1970களின் நடுப்பகுதி வரை வந்தது. சாப்பாட்டுக் கடைகளுக்கென 1948 முதல் 1967 வரை செய்யப்பட்ட பச்சைக் குவளை, வீட்டுப் பாவனைக்குரியதிலும் கனமும் தடிப்பும் கூடியது. கையில் எடுத்தவுடனேயே இவ்வேறுபாடு தெரியும்.

விலை ஏறிய பொருளுக்கு மறுபதிப்பும் வரும். அங்கர் ஹொக்கிங் நிறுவனமே 2000ஆம் ஆண்டில் பச்சைப் பாத்திரங்களை மீண்டும் வெளியிட்டது. அவற்றின் அடியில் 2000 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. 2010களில் யப்பானிலும் ஃபயர் கிங் பெயரிற் குவளைகள் செய்யப்பட்டன. அவற்றின் முத்திரையில் யப்பான் என்ற சொல் உண்டு. இவை மோசடிப் பொருட்கள் அல்ல. தம் காலத்தைத் தாமே கூறிக்கொண்டு வருபவை. அடியைப் பார்க்காமல் வாங்குபவருக்கு மட்டுமே அவை ஏமாற்றம் தரும். ஆயினும் அந்த இடத்தில் எழுத்து உரசி அழிக்கப்பட்ட தடம், அல்லது சொரசொரப்பான வட்டம் தெரிந்தால், அக்குவளையை வைத்துவிட்டு வருவதே மேல்.

இன்னொரு கதையும் உலவுகிறது. புற ஊதா விளக்கின்கீழ் பச்சையாக ஒளிர்ந்தால்தான் அது உண்மையான ஃபயர் கிங் என்பார்கள். அவ்வாறு பளிச்சென ஒளிர்வது யுரேனியம் கலந்த கண்ணாடி. அமெரிக்காவில் 1943 முதல் 1958 வரை அணுகுண்டுத் திட்டத்தின் காரணமாக யுரேனியம் கண்ணாடித் தொழிலுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஃபயர் கிங் பச்சை தொடங்கியதோ 1945இல். கட்டுப்பாட்டுக் காலத்திற் பிறந்த பொருளுக்கு ஒளிர்வை அத்தாட்சியாகக் கேட்பது பொருந்தாது. பலமாக ஒளிரும் பச்சைக் குவளை வேறு நிறுவனத்தினதாக, பெரும்பாலும் யுத்தத்துக்கு முற்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகளின் கையில் கொடுக்குமுன்

இனி மிக முக்கியமான விடயத்துக்கு வருவோம். கண்ணாடியின் வெளிப்புறத்திற் படம் பதிப்பதற்கு எனாமல் வர்ணம் பூசிச் சூளையிற் சுடுவார்கள். அவ்வர்ணம் குறைந்த வெப்பத்தில் உருகிக் கண்ணாடியுடன் பிடித்துக்கொள்ள ஈயச் சேர்வைகளும், சிவப்பு மஞ்சள் நிறங்களுக்குக் கட்மியமும் நீண்டகாலமாகப் பாவிக்கப்பட்டன. 1970களின் இறுதியில் அமெரிக்காவில், வாய் படும் விளிம்புப் பகுதியில் ஈயத்தைக் குறைப்பதற்குக் கண்ணாடி உற்பத்தியாளர்கள் தாமாகவே ஓர் எல்லையை ஏற்றுக்கொண்டனர். அதற்கு முற்பட்ட குவளைகளுக்கு அத்தகைய எல்லையும் இருக்கவில்லை. வயதை அறிவது இங்கே பயன்படுகிறது.

எனினும் புதியதெல்லாம் பாதுகாப்பானது என்றும் கூறமுடியாது. 2010ஆம் ஆண்டு ஜூனில் மக்டொனால்ட்ஸ், ஷ்ரெக் திரைப்படப் படங்கள் கொண்ட ஏறத்தாழ 12 மில்லியன் கிளாசுகளை வர்ணத்திற் கட்மியம் இருந்த காரணத்தினால் அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. 2017இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் அன்ட்ரூ ரேனர், புதியனவும் பாவித்தனவுமான 72 குடிகிளாசுகளில் 197 பரிசோதனைகள் செய்தார். அவற்றுள் 139இல் ஈயம் காணப்பட்டது.

எமது வீடுகளிலே இதைச் சொன்னால் வரும் மறுமொழி நாம் அறிந்ததே. "உதை எறிவம் அம்மா, பெயின்ற் எல்லாம் உரியுது" என்று பிள்ளை சொல்லும். "விசர்க் கதை கதையாதை. நாங்கள் வந்த புதுசிலை வாங்கினது, இவ்வளவு காலமும் குடிச்சனாங்கள், என்ன நடந்தது?" என்று தாயார் கேட்பார். தாயாரின் பற்று நியாயமானது. அந்நிய மண்ணில் முதலாவதாக "எங்களுடையது" என்று சொல்லக் கிடைத்த பொருட்களுள் அதுவும் ஒன்று. ஆனால் ஈயத்தின் தீங்கு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது மெதுவாகப் பாதிக்கும். இத்தனை அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் பிள்ளைகளுக்கு இல்லை என்பதே மருத்துவ உலகின் முடிபு.

ஆகவே வழி இதுதான். வர்ணப்படம் விளிம்பு வரை எட்டியுள்ள குவளையையும், படம் உரிந்து தூளாகும் குவளையையும் குடிப்பதற்குப் பாவிக்க வேண்டாம். எறியவும் வேண்டாம். அலுமாரியில், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். வெளிப்புறத்தில் வர்ணமோ படமோ பூசப்படாத வெறும் வெள்ளைக் குவளைக்கு இந்த வர்ணப் பிரச்சினை இல்லை. மருந்துக்கடைகளிலும் கட்டடப் பொருட் கடைகளிலும் விற்கும் ஈயப் பரிசோதனைக் குச்சிகள் ஓரளவு உதவினாலும், அவை "இல்லை" என்று காட்டுவதை மட்டும் நம்பிப் பிள்ளைக்குக் கொடுப்பது முறையன்று.

பாவிப்போருக்கும் விற்போருக்கும்

பாவிக்கத் தக்க குவளைக்கும் சில கவனங்கள் உண்டு. பனிக்காலத்தில் சில்லிட்டிருக்கும் பழைய குவளையில், எமது வழக்கப்படி கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றக்கூடாது. முதலில் இளஞ்சூட்டு நீரால் அலசுங்கள். வெடிப்புள்ள குவளையை ஒருபோதும் சூட்டுக்குப் பாவிக்காதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் படத்தை மங்கச் செய்யும். பச்சைக் கண்ணாடியின் மினுக்கத்தையும் போக்கும். கையாற் கழுவுவதே நல்லது. மைக்ரோவேவில் வைக்க வேண்டாம்.

விற்க எண்ணுபவர்கள் அவசரப்படாதீர்கள். அடிமுத்திரை, முழு உருவம், கைப்பிடி, படம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் படம் பிடித்து, அதே குவளை உண்மையில் என்ன விலைக்கு விற்றுப்போனது என்று பாருங்கள். கேட்கும் விலை வேறு. கொடுத்த விலை வேறு. படமில்லாத வெள்ளைக் குவளைகள் ஏராளமாக எஞ்சியிருப்பதால் அவற்றுக்குப் பெரிய தொகை கிடைக்காது. உள்ளூர் வங்கி, சாப்பாட்டுக் கடை, வானொலி நிலையம் போன்றவற்றின் விளம்பரம் தாங்கியவை குறைந்த எண்ணிக்கையிற் செய்யப்பட்டவை. அவற்றைத் தேடுவோர் உண்டு. விளிம்பில் ஒரு சிறு உடைவு இருந்தாலும் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். குறையிருந்தால் வாங்குபவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

இந்த வார இறுதியில் உங்கள் அலுமாரியைத் திறந்து, குவளைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பாருங்கள். முத்திரையைப் படியுங்கள், கைப்பிடியில் விரலை ஓட்டுங்கள், படத்திலுள்ள ஆண்டை ஐயத்துடன் நோக்குங்கள். மூன்றும் ஒத்துவந்தால் அதன் காலத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். எப்போது, எந்த ஊரில், எவரிடம் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்னையதை எந்த நிபுணரும் பின்னாளிற் கணித்துச் சொல்லலாம். பின்னையதை நீங்கள் எழுதாவிட்டால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.